டாலிவர் மாவட்டத்தில் சீனர் ஒருவர்

வெந்நீரில் இருபது நிமிடம் ஊறிய மிஸ் லில்லியின் கால்களை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அவளைக் கவனித்துக்கொள்ளும் ஏர்லீன் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு வயதுக் கால்கள். நகம் கொம்பு மாதிரி தடித்திருந்தது. நேராகத்தான் வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்தால் சதைக்குள் ஏறிச் சீழ் பிடிக்கும்.

"நீதானே அவனுக்குப் போன் பண்ணினே?" என்றாள் மிஸ் லில்லி.

"ஆமா. இந்தக் குளிர்காலத்துல ரெண்டு தடவை விழுந்தீங்க. மூணாவது தடவை தூக்க என் முட்டி ஒத்துக்காது. காலை ஆட்டாதீங்க."

"துரோகி."

"இருந்துட்டுப் போறேன். அடுத்த காலைக் குடுங்க."

ஒரு காலத்தில் மளிகைக் கடையாக இருந்த முன்பக்கத்து அறையில் லில்லியின் மகன் வெண்டல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஹூஸ்டனில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மதியம் வந்தான், நான்கு மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்றான். அன்று மார்ச் முப்பத்தொன்று, புதன்கிழமை.

போவதற்கு லில்லி மறுக்கவில்லை. வியாழக்கிழமை போகிறேன் என்றாள். அதற்குக் காரணம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது: மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். ஏப்ரல் ஒன்றாம் தேதி இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்பது அதன் முதல் கேள்வி.

இன்னொரு காரணம் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கியது. பழுத்துப்போன பத்திரிகைத் துண்டு. போன கணக்கெடுப்பில் மாவட்டத்தில் வெள்ளையர் இத்தனை, கறுப்பர் இத்தனை என்று அட்டவணை போட்டு, கடைசி வரியில் சீனர்: பூஜ்ஜியம் என்றிருந்தது. அந்த வசந்தத்தில் லில்லி இடுப்பெலும்பு முறிந்து மெம்ஃபிஸ் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படிவம் தபால்பெட்டியிலேயே மழையில் ஊறியது. விசாரிக்க வந்தவரிடம் அடுத்த வீட்டுக்காரர் "அங்க யாரும் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து வருஷமாக, பால் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து லில்லி வைவாள்.

அவள் இருபத்தைந்து வயதில் மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது ஊரில் எட்டு சீனக் கடைகள். வெள்ளைக்காரத் தெருவும் கறுப்பர் தெருவும் முட்டுகிற மூலையில் அவள் கணவன் ஹோய் க்வானின் கடை. கறுப்பர் தெருவிலிருந்த ஏர்லீனின் அம்மா அங்கேதான் மாவும் மண்ணெண்ணெயும் வாங்கினாள். லில்லி என்பதே வாடிக்கைக்காரர்கள் வைத்த பேர். அவளுடைய சீனப் பேர் அவர்கள் நாக்கில் ஏறவில்லை. பிறகு பஞ்சு பறிக்க இயந்திரம் வந்தது. கூலி வேலை இல்லாமல் ஏர்லீனின் அண்ணன்மார் நான்கு பேரும் சிகாகோ போனார்கள். வாங்க ஆளில்லாத கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சீனப் பிள்ளைகள் படித்தார்கள், போனார்கள். வெள்ளைக்காரர்களிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். சீனர் இடுகாட்டில் மட்டும் ஆள் குறையவில்லை.

வெண்டல் கயிற்றுக்கண்டோடு உள்ளே வந்தான். "அம்மா, ஒண்ணுன்னு எழுதி இப்பவே தபால்ல போட்டுடு. யார் வந்து பார்க்கப் போறா?"

"நாளைக்கு நான் ஹூஸ்டன்ல இருந்தா அது பொய்."

"சின்னப் பொய்தானேம்மா."

"உங்கப்பா இந்த நாட்டுக்குள்ள வந்ததே இன்னொருத்தன் பிள்ளைன்னு காகிதம் வாங்கித்தான். சீனரை உள்ள விடக்கூடாதுன்னு சட்டம், வேற வழி இல்ல அப்போ. அஞ்சு தடவை அவரை எண்ணினாங்க, அஞ்சு தடவையும் இரவல் பேர்ல. சொந்தப் பேர் கல்லறைக் கல்லுலதான் ஏறுச்சு. இந்த வீட்டுலேர்ந்து இன்னொரு பொய் போகாது."

"அங்க வந்து எண்ணிக்கட்டுமே. அதுவும் இதே நாடுதானே?"

"அங்க நான் கடல்ல கரைச்ச பெருங்காயம்டா. இங்க அட்டவணையில ஒரு வரி எனக்கு இருக்கு."

வெண்டல் ஏர்லீனைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன். வரச் சொன்னதே நீதான்."

ஏர்லீன் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தாள். அங்கேதான் புண் வரும். இன்றைக்கே போவது நல்லதுதான்; ராத்திரி லில்லி எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"கூட்டிட்டுப் போன்னுதான் சொன்னேன், வெண்டல். புதன்கிழமைன்னு சொல்லல. நாளைக்கு உன் கடையைப் பார்க்க யாரையாவது கூப்பிடு. ராத்திரி நான் இங்க படுத்துக்கறேன், நீயும் படு. எழுந்தா ஆளுக்கொரு கை பிடிப்போம்."

"ரெண்டு பேரும் கூட்டு!" என்றான் வெண்டல்.

"இவ துரோகி," என்றாள் லில்லி. "ஆனா நல்ல துரோகி."

அவன் முணுமுணுத்தபடியே ஹூஸ்டனுக்குப் போன் போட்டான்.

மறுநாள் காலை கஞ்சி குடித்தானதும் லில்லி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வெண்டல் வாசித்தான், அவளே எழுதினாள். ஆட்கள்: ஒன்று. பெயரைக் கோட்டுக்கு வெளியே போகவிடவில்லை. சீனர் என்ற கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டு, அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.

"உன்னோடதை அனுப்பினியா?" என்றாள் ஏர்லீனிடம்.

"பையில கெடக்கு. இன்னும் எழுதல."

"இவளுக்கு என்னைக் கவனிக்கச் சம்பளம்!"

தபால் நிலைய வாசலில் கார் நின்றது. வெண்டலும் ஏர்லீனும் ஆளுக்கொரு கை பிடிக்க, தபால்பெட்டிக்குள் உறையை லில்லியே தள்ளி, மூடியைத் திறந்து விழுந்துவிட்டதா என்று பார்த்தாள். வண்டியில் ஏறியதும் ஏர்லீன் அவள் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள்.

"ரெண்டு மணிக்கொரு தடவை நிறுத்தி நடக்க வை," என்று வெண்டலிடம் சொன்னாள். லில்லி ஏர்லீனின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

கார் போனதும் ஏர்லீன் வீட்டுக்குத் திரும்பினாள். படுக்கை விரிப்புகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். கொல்லையில் சீனக் கீரை பூக்கிற பருவம், விட்டால் கசந்துவிடும். மொத்தத்தையும் அறுத்து ஒரு பையில் கட்டினாள். மேஜை முன் அமர்ந்து, பையிலிருந்து தன் வீட்டுப் படிவத்தை எடுத்து, ஆட்கள் ஒன்று என்று எழுதினாள்.