துரை படங்களின் ஓரம்

ஒரு கல்பாலம், அதன்மேல் வைக்கோல் வண்டி, அக்கரையில் தேவாலயக் கோபுரம், சுற்றிலும் பாசிப்பச்சையாய்ப் புல்வெளி. இங்கிலாந்து நாட்டுப்புறத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டிய நான்கு பழைய படங்கள் எங்கள் ஆபீஸ் துரையின் அறையில் தொங்கின. நான் அவருடைய குமாஸ்தா. திருவனந்தபுரத்து மழை ஈரம் சட்டங்களுக்குள் இறங்கிப் பூஞ்சை கட்டியது. புதுச் சட்டம் போட ஆள் உண்டா என்று துரை கேட்டதும், படங்களைப் பற்றி எனக்குத் தெரியாததே இல்லை என்பதுபோல், என்னிடம் விடுங்கள் என்றேன். சனி என் நாக்கில் வந்து உட்கார்ந்த நேரம் அது.

ஆரியசாலையில் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தார். எங்கள் ஆபீஸ் வேலையைக் கொண்டுதான் அவர் கடையே நடந்தது. சாமிப் படங்களின் அடியிலிருக்கும் அச்சுக்கூடப் பெயரை வெட்டிவிட்டுச் சட்டம் போடுவது அங்கே வழக்கம்; பூஜைப் படத்தில் கடைப் பெயர் எதற்கு? துரையின் படங்களுக்குக் கீழும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து, அதற்கும் கீழே பென்சிலில் ஏதோ கிறுக்கல். நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தோடு போடுவதென்றால் கடையில் தயாராயிருக்கும் சட்டம் பத்தாது, அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும், பத்து நாளாகும் என்றார் அண்ணாச்சி.

"வெட்டிரும் அண்ணாச்சி, படந்தானே முக்கியம்."

"பழைய சாமானா இருக்கு தம்பி. தொரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்."

"நான் சொல்லுதேம்லா, வெட்டும்!"

படங்களைப் பார்த்ததும் துரையின் முகம் செத்துவிட்டது. பென்சில் எழுத்து, காலஞ்சென்ற அவருடைய அம்மாவின் கையெழுத்தாம். மகன் கப்பலேறிய அன்று எழுதிக் கொடுத்தாராம். அண்ணாச்சியை ஆள்விட்டு அழைத்தார்கள். யார் வெட்டச் சொன்னது என்று துரை கேட்டார். இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நின்றவன் நான்.

"தம்பிதான் அவசரம்னு வெட்டச் சொன்னாவ. ஆனாலும் கத்தி பிடிச்ச கை எங்கைதானே. மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

தன்னிச்சையாக வெட்டிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார் என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன். ஐயோ, கொஞ்சங்கூட நாக்குக் குழறவில்லை! நான் தமக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்றோடு ஆபீஸ் வேலை அவருக்கு நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சில நாள் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே, வெட்டிய நாலு ஓரங்கள்.

"எழுத்தாச்சே, குப்பையில போட மனசு வரல. தடம் தெரியாம ஒட்டித் தாறேன். தொரைகிட்ட இன்னொருக்கச் சொல்லிப் பாருங்க தம்பி."

சொல்லிப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுத்தால் துரை அவரை மறுபடி கூப்பிடுவார். மொழிபெயர்க்க வேறு ஆளை வைத்தால் என் கதி? துரை ஊருக்குக் கப்பலேறும்வரை வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் இன்றும் என் பெட்டியில் கிடக்கிறது. பிரித்துப் படிக்க இத்தனை வருஷமும் துணிவு வரவில்லை.

கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகுமுன் அண்ணாச்சி சொல்லிக்கொள்ள வந்தார்.

"எனக்காகத் தொரைகிட்ட ரெண்டு தடவை பேசினீங்க. சாகிற மட்டும் மறக்க மாட்டேன் தம்பி."

வெட்கங்கெட்டவன் நான். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, இருக்கட்டும்" என்றேன்.