வீட்டின் வலப்பாதி

அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்துக்குப் போகலாம் என்று சொன்னதே என் வீட்டுக்காரர்தான். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. நாங்கள் ஐந்து பேர், மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏதாவது ஓர் ஊரின் பழைய தெருவில் போய் உட்கார்ந்து, எதிரே தெரியும் வீடுகளைப் படம் வரைவோம். அவர், நான், பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் ஒருவர், கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண். எங்கள் கூட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

அவர் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். தூண் கோணலாகிவிட்டால் நாங்கள் நிழலைப் பூசி மறைப்போம். அவர் அளவுகோல் இல்லாமலே ஒரு தெருவை நேராக நிறுத்திவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை சவரம் செய்துகொண்டு வந்தபோது இடது கன்னத்தில் முடி அப்படியே இருந்தது. "இந்தப் பக்கம் விட்டுட்டீகளே" என்றேன். "பிளேடு சரியில்ல" என்றார். தட்டில் இட்லி மிச்சம் இருந்தது. சட்னியில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம் ஒன்றின் பழைய மாடிவீடு. அதன் இடது பக்கம் ஒட்டினாற்போல் ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த கடையின் நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறும்வரை வரைந்தோம்.

முடித்ததும் வழக்கம்போல் படங்களைத் தரையில் பரப்பினோம். அவர் தாளில் வீட்டின் வலப்பாதி மட்டும் இருந்தது. மரத்தூண், ஜன்னல் கம்பி, ஓட்டு வரிசை எல்லாம் அவ்வளவு துல்லியம். வாசலுக்கு இடது பக்கம் வெறும் வெள்ளை. ஓவிய ஆசிரியர் தாளைக் கையில் எடுத்து, "பாதிய வெறுமனே விட்டீக பாருங்க, அங்கதான் படமே இருக்கு" என்று பாராட்டினார்.

வீட்டுக்கார அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து குனிந்து பார்த்தார். "எங்க கொழுந்தன் பங்கு அந்தப் பாதி. அத மட்டும் வரையாம விட்டாகளே, யாரும் எதுவும் சொன்னாகளா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பாதிம்மா? முழுசாத்தான வரைஞ்சிருக்கேன்" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "மாவு மில்ல எங்க காணோம்?" என்று கேட்டேன். மில் சத்தம் தெருவையே அடைத்துக்கொண்டிருந்தது. அவர் தலையை வலப்பக்கம் திருப்பி, தெருக்கோடி வரை தேடினார். "எந்த மில்லு?" என்றார். எழுந்து நடந்தவர் இடது பக்கம் நின்ற சைக்கிளில் மோதி அதோடு விழுந்தார்.

மருந்துக்கடைப் பெண்தான், "அக்கா, இது மயக்கம் இல்ல. இப்பமே ஆசுபத்திரிக்குப் போகணும்" என்றாள். பாய் ஓடிப்போய் உறவுக்காரர் காரைக் கொண்டுவந்தார். தேனியில் பார்த்து, மதுரைக்கு அனுப்பினார்கள்.

மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. கடிகாரம் ஒன்று வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வலது அரைவட்டத்திலேயே நெருக்கி எழுதினார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தோணல" என்றார் டாக்டர்.

கை கால் விழவில்லை, பேச்சும் போகவில்லை. பார்க்க வந்தவர்கள், "நல்லாத்தான இருக்காக" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். பாதிச் சோறு தின்றதும், மீதி வலப்பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி வைப்பேன். மீதிச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சில நாள், "எல்லாரும் சேந்து என்னையக் கிறுக்கனாக்குறீகளா?" என்று கத்துவார்.

பல மாதம் கழித்து, சின்னமனூர் பழைய தெருவுக்கு அவரையும் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் சொன்னபடி தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொடுத்தேன். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பினார், தேடினார், வரைந்தார், மறுபடி தேடினார். கழுத்தில் வேர்வை ஓடியது. இடது பக்கமும் வந்தது. ஆனால் சுவர் சரிந்து, கதவு சூம்பி, வேறு யாரோ வரைந்ததுபோல.

ஓவிய ஆசிரியர் பாராட்ட வாயெடுத்தார். பாய் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ சொல்லு. அங்கன இப்படித்தான் இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காலை எழுந்தது முதல் அவர் என் சொல்லை நம்பித்தான் நடமாடிக்கொண்டிருந்தார்.

"இல்லங்க. சுவரு நேராத்தான் இருக்கு."

தலையசைத்துவிட்டு, பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. நான் மட்டும் இரண்டொரு தடவை போனேன். ஒரு வீட்டின் முன்னால் உட்கார்ந்தால், அவர் தனியாக ரோட்டைக் கடந்திருப்பாரோ, இடது பக்கம் வரும் லாரியைப் பார்த்திருப்பாரோ என்றே மனசு ஓடியது. கோடு நிற்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். முதல் ஞாயிறு வந்தால் அவர் விடியலிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். போகலாமா என்று நான் கேட்பதில்லை. அவரும் கேட்பதில்லை.