கறுப்பு டேப் ஒட்டிய விளக்கு

எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைத்த அக்கா, முதலாளியின் மனைவி. அவர் அவளை அடிக்காத நாள் குறைவு. கைக்கு அகப்பட்டதெல்லாம் ஆயுதம்: ஸ்டேப்ளர், ட்ரைபாட் கால், ஒருமுறை நனைந்த குடை. நான் பக்கத்து அறையில் பிரிண்ட் போடுகிறவன். இடையில் கண்ணாடி மட்டும்தான்.

"போகும்போது ஷட் டவுன் பண்ணணும். பாஸ்வேர்டு போட்டே, கை இருக்காது." இது அவர் போட்ட சட்டம்.

அக்கா ஷட் டவுன் செய்யமாட்டாள். எதிர்த்தெரு ஸ்டூடியோவுக்கு ரகசியமாக ஒரு கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். அது நன்றாக வந்தால் அங்கே வேலை, மாடியில் ஓர் அறை. தப்பிக்க அவளுக்கிருந்த ஒரே வழி. அவர் பைக் சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டரை அணைக்காமல் ஸ்லீப்பில் தூங்கப் போட்டுவிடுவாள். திரை கறுத்துவிடும், பாதிப் பக்கம் உள்ளே மூச்சைப் பிடித்துக் கிடக்கும். தூங்கும்போது பெட்டியில் சிமிட்டும் விளக்கின் மேல் கறுப்பு டேப். யார் கை பட்டும் விழிக்காதபடி மவுஸ் வயரையும் பிடுங்கிவிடுவாள்.

"ஒழுங்கா அணைச்சுத் தொலைங்களேன்க்கா."

"நீ வேற. அது 'காத்திருக்கவும்'னு சுத்திக்கிட்டே இருக்கும். அந்த மனுஷன் காத்திருப்பாரா?"

அன்று வயரைப் பிடுங்க மறந்தாள். உள்ளே வந்தவர் ஹெல்மெட்டை மேசையில் வீசினார். அது உருண்டு மவுஸில் இடித்தது. திரை விழித்தது. மணப்பெண்ணின் முகம், மூலையில் எதிர்த்தெருக் கடையின் பெயர்.

"என் சோத்தைத் தின்னுட்டு எவனுக்குடி ஆல்பம்?"

கீபோர்டு அவள் வாயில் இறங்கியது. பொத்தான்கள் சிதறின, நடுவே ஒரு பல்லும். ஓடிப்போய்ப் பிடித்த என்னை ஒரே உதறலில் சுவரில் மோதவிட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் தூக்கினார். பின்னால் வயர்கள் பிய்ந்தன.

அதுவரை வாய் திறக்காதவள் அப்போது கத்தினாள். கடை ஷட்டரை இழுக்கும் கம்பி அவள் கையில் இருந்தது. முதல் அடி மணிக்கட்டில். பெட்டி அவர் பாதத்திலேயே விழுந்தது. இரண்டாவது முட்டியில். மூன்றாவதற்கு ஓங்கியவள் நிறுத்தினாள்.

"ஏய், நான் உன் புருஷன்டி..."

"அதான் ரெண்டோட விடுறேன்."

ரத்தம் வழிய, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஆல்பம் பிழைத்திருந்தது, கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

இப்போது நானும் அங்கேதான். மாலையில் அவள் ஒவ்வொன்றாக மூடி ஷட் டவுன் கொடுக்கிறாள். வட்டம் சுழல்கிறது. பல் போன இடத்தை நாக்கால் தடவியபடி, விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் மட்டும், கை ஸ்லீப் பொத்தான்வரை போய்விட்டுத் திரும்புகிறது.