கண்டக்டரம்மா நடந்த எல்லை

பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், பெயரை மட்டும் யாரும் திருப்பி வாங்கவில்லை. எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். குரலும் அப்படியே இருந்தது. முன்படியில் நின்று அதட்டினால் பின்படியில் தொங்குகிறவன் உள்ளே ஏறிவிடுவான். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் விடமாட்டாள். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்பது பஸ்ஸில் அவள் படித்த பாடம். ஓய்வுக்குப் பிறகு வாங்கிய நிலத்திலும் அதே பாடத்தைத்தான் நடத்தினாள்.

இந்தப் போகம் சோயா போட்டிருந்தாள். காய் பிடிக்கிற நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. பின்னாலேயே புழு வந்து இலைகளைச் சல்லடையாக்கத் தொடங்கியது. சேற்றில் டிராக்டர் இறங்காது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடிக்கக் காசு கொடுத்தாலும் ஆளில்லை. வீட்டுக்காரரோ, தையல் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இந்த ஒரு போகம் பாப்போம். இதுவும் போச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வந்துடறேன், போதுமா?" என்று அவளே ஒரு கோபத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகளின் மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

அதனால்தான் மருந்தடிக்கிற ட்ரோன்காரனைக் கூப்பிட்டாள். முதல் நாள் வந்தவன் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லையை ஒரு சுத்து நடந்து வந்துடறேன்மா. நடந்த தடம் இதுல பதிவாகிடும். அதுக்குள்ளதான் மெஷின் அடிக்கும்" என்றான்.

"என் நிலத்தோட எல்லை உனக்கா தெரியும், எனக்கா? கொண்டா இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு அவளே நடந்தாள். சுற்றி வந்து கொடுப்பதற்குள் காற்று கிளம்பிவிட்டது. "காத்துல அடிச்சா மருந்து ஊரெல்லாம் பறக்கும்மா, நாளைக்குப் பாப்போம்" என்று மூட்டை கட்டினான். நாளைக்கு மழை. அதற்கு மறுநாள் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையாம். அப்புறம் போனையே எடுக்கவில்லை. எடுத்தபோது, "இதோ வழியிலதான்மா இருக்கேன்" என்றான். பின்னால் அவன் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் இத்தனை வருஷம் எத்தனை பொய் கேட்டவளிடம்! கண்டக்டரம்மா போட்ட போட்டில் மிக்ஸி நின்றது. புழுவுக்கு மட்டும் பேட்டரியும் தீரவில்லை, காற்றும் தடுக்கவில்லை.

கடைசியில் ஒரு காலையில், காற்று எழுவதற்கு முன்பே வந்துசேர்ந்தான். ட்ரோன் எழும்பிப் போய் வரிவரியாக மருந்தடிப்பதைப் பார்க்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திடீரென்று அது எல்லையைத் தாண்டிப் பக்கத்து வெண்டைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. சாவகாசமாக நடுத்தோட்டம் வரைக்கும் போய் அடித்துவிட்டுத் திரும்பியது.

"ஏய், ஏய்! அது என் நிலம் இல்லப்பா! நிறுத்து!"

அவன் நிறுத்துவதற்குள் தொட்டி காலி. கிழக்கு மூலையில், பயிர் நன்றாகக் கொழித்து நின்ற பாகத்தில், ஒரு சொட்டு விழவில்லை. அவன் ரிமோட்டின் திரையைக் காட்டினான். அவளுடைய நிலம் சதுரமாக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று வெளியே நீண்டிருந்தது.

"நீங்க நடந்ததுதாம்மா இது. நானும் பாத்தேன். எல்லை உனக்கா தெரியும்னு கேட்டீங்களே, சரி, உங்க நிலமாக்கும்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு நடந்துகொண்டிருந்தபோது வெண்டைத் தோட்டக்காரர், "மெதுவாப் போங்கக்கா, வழுக்கும்" என்றார். அவர் திறந்துவிட்ட தண்ணீர்தானே வழுக்குகிறது! பதில் சொல்லாமல் போக முடியுமா? கையில் ரிமோட்டோடு அவர் தோட்டத்துக்குள்ளேயே போய், மூக்குக்கு நேராக நின்று, வடிகாலைப் பற்றி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வந்தாள்.

"சண்டைக்குக்கூட மருந்தடிச்ச ஆளு நீ ஒருத்திதான்" என்றார், வேடிக்கை பார்க்க வரப்புக்கு வந்திருந்த வீட்டுக்காரர். அன்றைய சண்டை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் சிரித்ததைவிட, சிரிப்பில் இருந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

வீட்டில் இன்னும் ஒரு புட்டி மருந்து இருந்தது. அவனிடம் ஒரே ஒரு பேட்டரி மிச்சம். "மூலையை மட்டும் சுத்தி வாங்கம்மா. காத்து எழறதுக்குள்ள அடிச்சுடலாம். இந்தத் தடவையும் கோணலாச்சுன்னா என்னால ஆகாது."

அவள் நடந்தாள். வரப்பின் அந்தப் பக்கம் வெண்டைத் தோட்டக்காரர் வந்து நின்றார்.

"ஏங்கக்கா, நாளைக்குப் பறிக்க வேண்டிய காய். அதுல விஷத்தை அடிச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? நான் தண்ணி திறந்துவிட்டேன்னு குதிச்சீங்க. என் வாய்க்காலை அடைச்சு வேலி போட்டது யாரு? நீங்கதானே? தண்ணி பின்ன எங்க போகும்?"

நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. கால்கூட அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பியது. கையில் ரிமோட் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வரப்பிலேயே நடந்தாள். அவர் கூடவே பேசிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து ஒருவர் பேசுவதை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். 

சுற்றி முடித்து ரிமோட்டைக் கொடுத்தாள். கோடு நூல் பிடித்தது போலிருந்தது. ட்ரோன் எழும்பியது. இனி வாயைத் திறக்கலாம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தோட்டக்காரர் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரர் வழக்கம்போல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

திரும்பினாளே ஒழிய, சேர்த்துவைத்த பதில்களில் ஒன்றுகூட வரவில்லை. தோட்டக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"காயைப் பறிக்காதீங்க தம்பி" என்றாள், சண்டைக்கு எடுத்த அதே குரலில். "மருந்து விழுந்திருக்கு. தப்பு என்னோடதுதான். வாய்க்கால் அடைப்பை இன்னைக்கே எடுத்துடறேன். போதுமா?"

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. விறுவிறுவென்று மண்வெட்டி எடுக்கப் போனாள்.