மருமகள் மறைத்த பதினேழு நாள்

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் எழுதுவது இது. வாக்கியம் கோணிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு இதை எழுத ரொம்ப நாள் தயக்கம். ஆனாலும் அந்தப் பதினேழு நாள் ஓரளவு நினைவிருக்கிறது. நான்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேனே.

நாங்கள் நாகலாபுரம் பக்கத்து ஆட்கள். மகன் திருமலைக்கு ஜீப் ஓட்டுவதால் திருப்பதியில் வாடகை வீடு. மருமகள் ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். மூன்று வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் வீட்டில் இன்னும் தூரம் பார்க்கிறோம். மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் முன்னறையில் தனிப் பாய், தனித் தட்டு. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து விளக்கேற்ற வேண்டும்.

அந்த மாதம் மகனும் மருமகளும் கங்காதர நெல்லூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று குழந்தையை என்னிடம் விட்டுப் போனார்கள். நாலாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சம்பந்தியம்மாள் மகளை வெறுங்கையாக அனுப்பினதே கிடையாது. ஒரு பை வெல்லமாவது, வேர்க்கடலையாவது வரும்.

"இன்னாமா, உங்கம்மா வெல்லம் குடுக்கலியா?"

"மறந்துட்டாங்க அத்தே."

அவள் அம்மாவா மறப்பாள்? எனக்கு அப்போதே உறுத்தியது. வந்த அன்றே தூரம் என்று சொல்லி முன்னறையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தின மாதம் அவள் உட்காரவே இல்லை. கேட்டதற்கு, சொந்தக்காரர்களோடு மலைக்குப் போக வேண்டியிருந்ததால் தள்ளிப்போடும் மாத்திரை போட்டேன் என்றிருந்தாள். இங்கே பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான், நானும் நம்பிவிட்டேன்.

நாலாம் நாள் குளித்து உள்ளே வந்தாள். ஆனால் விளக்குப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் கை ஈரம் என்பாள். ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, கம்பெனில தீப்பெட்டி தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களா?" என்று குத்தினேன். சிரித்தாள், ஏற்றவில்லை. வேறு சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. காலையில் குப்பை வண்டி வந்தால் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு அவளே ஓடினாள். சேலை விட்டு எந்நேரமும் கறுப்பு நைட்டி. மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கும். அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "ஒண்ணும் இல்ல அத்தே, கம்பெனில நின்னுக்கினே வேலை, அசதி" என்பாள். நான் நம்பாமல் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. எண்ணினேனே தவிர, உடம்புக்கு என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தீட்டோடு அடுப்படிக்குள் நடமாடுகிறாளே என்கிற கோபம்தான் எனக்கு.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஓடிப்போய் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. நைட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. மகனுக்குப் போன் போட்டால் வண்டி மலையில் இருக்கிறது என்றான்.

"இன்னாடா ஆச்சு இவளுக்கு? மறைக்காம சொல்லு."

"அம்மா, மொதல்ல ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ. நான் வரேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. பக்கத்து வீட்டில் பேத்தியை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் நான் கணக்குக் கூட்டினேன். போன மாதம் உட்காரவில்லை. வெல்லம் வரவில்லை. பதினேழு நாள் உதிரம். அவன் குரல். பேரன் எப்போது, பேரன் எப்போது என்று இரண்டு வருடமாக அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தவளும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் தெலுங்கில், ஏதாவது மாத்திரை போட்டாயா என்று கேட்டார். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "லேது மேடம்" என்றாள்.

இல்லை என்கிறாள். காய்ச்சலில் உதடு காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் என்னை வைத்துக்கொண்டு உண்மை சொல்ல மாட்டாள். டாக்டர் அதை நம்பி வேறு வைத்தியம் பார்த்தால் இவள் கதி என்ன? அந்நிய மனுஷரிடம் நானாகப் பேசினது அன்றுதான்.

"போட்டுக்கீறா டாக்டரம்மா. கரு கலையறதுக்கு. அப்படித்தான் எனக்குத் தோணுது."

மருமகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எல்லாம் வெளியே வந்தது. இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து, தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடமாகச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். முதல் நாள் ஒரு மாத்திரை, இரண்டு நாள் கழித்து நாலு. பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கங்காதர நெல்லூர்ப் பக்கமே போகவில்லை.

"பதினாலாம் நாள் செக்கப்புக்கு ரம்மன்னாரு கதா, வரச் சொன்னாங்கல்ல, ஏன் போகல?" என்று டாக்டர் தமிழும் தெலுங்குமாக அதட்டினார்.

"அத்தே எங்க போறேன்னு கேப்பாங்க மேடம்" என்றாள் அவள்.

ஸ்கேன் எடுத்து, கரு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கிறது, கிருமியும் சேர்ந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு, அன்று சாயங்காலமே உறிஞ்சி எடுத்தார்கள். மாத்திரை போட்டபின் இரண்டு வாரம் உதிரம் போவதும், அப்புறம் சில வாரம் பொட்டுப் பொட்டாகப் படுவதும் உண்டாம். காய்ச்சல் வந்தாலோ, நின்றது மறுபடி அதிகமானாலோ உடனே வர வேண்டுமாம். ரத்த அளவு எட்டுதான் இருக்கிறது, ரொம்பக் குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அதைக் காபியோடு போடக் கூடாதாம்.

வீட்டுக்கு வந்தும் சட்டென்று தேறவில்லை. பத்து நாள் போல லேசாகப் பட்டது. தலை சுற்றல் ஒரு மாதம் இருந்தது. காரணம் இல்லாமல் அழுவாள். ஐந்து வாரம் கழித்து வந்த முதல் விலக்கு ரொம்ப அதிகம். "எங்க போற? உள்ளயே படு" என்று கட்டிலைக் காட்டினேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பதினேழு நாளும் நான் அவளைப் பார்த்த பார்வைதான் அது.

இப்போது மறுபடி கம்பெனிக்குப் போகிறாள். "நல்லாத்தான் கீறேன் அத்தே" என்கிறாள். எனக்குச் சந்தேகம் விடவில்லை. சோறு பிசையும்போது நகம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். நான் கேட்பேனே என்று ஒருமுறை மறைத்தவள், மறுபடி மறைக்க மாட்டாள் என்று எப்படி நம்புவது?

அவள் சம்மதித்துத்தான் எழுதினேன். நாள் கணக்கு என் விரல் கணக்கு. அவர்கள் வீடு திரும்பின நாளிலிருந்து பதினேழா, மாத்திரை போட்ட நாளிலிருந்தா என்று இப்போது எனக்கே குழப்பம். இதைப் படித்து வேறொரு பெண் தப்பாக எண்ணிவிடக் கூடாது. நர்ஸம்மா யாராவது மாத்திரைக் கணக்கையும் நாள் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்கு முன்னால் என் மருமகள் படித்து, நான் விட்டதை எழுதிச் சேர்க்கட்டும். என்னிடம் இன்னும் சொல்லாதது ஏதாவது இருந்தால் அதையும்.