மஞ்சள் என்ற சொல்லுக்கு வந்த வினை

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தங்கச் சுரங்கத்தை அடுத்த ஸ்கெலட்டன் பக்கத்துக் கூலி லைன்களில், அந்த வரிசைக் குடிசைகளில், தங்கம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தோண்டுவது அதைத்தான், சோறு போடுவதும் அதுதான், ஆனாலும் சொல்லக்கூடாது. சுரங்க வாசலில் நின்ற காவல்காரர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. தங்கம் என்று காதில் விழுந்தால் மட்டும் மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். பெற்றவர்கள் தங்கவேலு என்று ஆசையாகப் பெயர் வைத்த ஒருவனைக்கூட லைனில் வேலு என்றே கூப்பிட்டார்கள். அந்த வேலுவின் பெண்டாட்டிதான் பார்வதம்மா.

தங்கத்தைச் சொல்ல முடியாதவர்கள் அதற்கு மஞ்சள் என்று பெயர் வைத்தார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். காவல்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்ச நாளில் அந்தச் சொல்லையும் கற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு சமையலுக்கு மஞ்சள் வாங்கப் பெண்களுக்குப் பயம். பக்கத்து லைன் தெலுங்குக்காரர்கள் மஞ்சளுக்குச் சொல்லும் பசுப்பு என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

பார்வதம்மா மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. குடியாத்தத்துக்காரி, வாய் நீளம். மிளகாய், புளி, மஞ்சள் எல்லாம் கூடையில் வைத்து லைன் லைனாக விற்பவள். "மஞ்சாவ மஞ்சான்னு சொல்லாம பின்ன இன்னான்னு சொல்றது? நான் இன்னா திருடியா?" என்பாள். எனக்கு அவளைப் பிடிப்பதே இதற்காகத்தான்.

ஒருநாள் ஷிப்டு விடும் நேரத்தில், எதிரே வந்த பக்கத்து வீட்டு லூயிசாவைப் பார்த்து, "நல்ல மஞ்சா வந்து கீது லூயிசா, ஊட்டாண்ட எடுத்தாரட்டா?" என்று சுரங்க வாசலருகே கத்தினாள். லூயிசா காது கேளாதவள் போலப் போய்விட்டாள். காவல்காரன் ஓடிவந்து கூடையைக் கவிழ்த்தான். கிடைத்தது மஞ்சள் கிழங்குதான். ஆனால் கிழங்கு வெளிவேஷம், பேரம் வேறு என்று அவன் அடித்துச் சொன்னான். புருஷன் சுரங்கத்தில் இறங்குகிறவன், பெண்டாட்டி வாசலில் விற்கிறவள். சந்தேகப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குற்றம் உறுதியானால் வேலுவுக்கு வேலை போகும், குடிசையும் போகும்.

மறுநாள் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். குமாஸ்தா மொழிபெயர்த்தார். சமையல் மஞ்சளுக்கு லைனில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. மஞ்சள் என்று இரண்டு பேர் சொன்னால் போதும், பார்வதம்மா வீட்டுக்குப் போகலாம். ஆனால் சொன்னவர் வீட்டையும் சோதனை போட்டுவிட்டால்?

லூயிசா முந்தானையைத் திருகிக்கொண்டே, "நாங்க பசுப்புன்னுதாங்க சொல்லுவோம். மஞ்சான்னா இன்னான்னு தெரியாதுங்க" என்றாள். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பார்வதம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தன் புருஷன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

வேலு அவள் பக்கம் திரும்பவில்லை. "ஊட்ல பசுப்புன்னுதான் சொல்றதுங்க. அவ சொன்னது இன்னான்னு அவளத்தான் கேக்கணும்" என்றான்.

அவன் வேலை தப்பித்தது. திருட்டுக்கு அத்தாட்சி இல்லாததால் அவளைப் போலீஸில் கொடுக்கவில்லை. இனி லைன்களில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று விரட்டினார்கள். அவள் பங்காருபேட்டைச் சந்தையில் கடை போட்டாள்.

சில மாதம் கழித்து வேலு அங்கே வந்தான். "வேல போயிருந்தா ரெண்டு பேரும் தெருவுலதான நின்னிருப்போம்? லைனுக்கு வெளிய ஒரு ஊடு பாத்துக் கீறேன். வா, போலாம்" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அதனாலேயே ஆத்திரம் கூடியது.

"வரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றவள், ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது இன்னா?"

அங்கே காவல்காரன் இல்லை, துரை இல்லை. சுற்றிலும் பேரம் பேசிக்கொண்டிருந்த சந்தை ஜனங்கள்தான். அவன் பயப்படவில்லை, யோசிக்கவும் இல்லை. இதையெல்லாமா கேட்பது என்பதுபோல் சட்டென்று சொன்னான்.

"பசுப்பு."

சொன்ன பிறகும், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போது கிளம்பலாம் என்று கேட்டான்.