விரல் இடுக்கு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு ஒரு காலையில் திடீரென்று இடது கண் இருண்டுபோனது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இன்னும் சோதனையில் இருக்கும் மருந்தை அவளுடைய சம்மதம் கேட்டு அந்தக் கண்ணில் போட்டார். நாங்கள் போகும்போதெல்லாம் நல்ல கண்ணைக் கையால் பொத்தச் சொல்லி, தன் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார். அம்மா சரியாகச் சொல்வாள். அவர் முகம் மலர்ந்துவிடும்.

கடைசித் தடவைதான் கவனித்தேன். கொழுந்து கிள்ளி வளைந்துபோன அவள் விரல்களின் இடுக்கு வழியாக நல்ல கண் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் அந்தக் கண்ணை என் கையால் பொத்தினேன்.

"இப்ப சொல்லும்மா, எத்தன வெரலு?"

தன் கையை மெதுவாக மடியில் இறக்கினாள்.

"ஒண்ணும் தெரியல சாமி."

"அப்ப ஏம்மா தெரியுதுன்னு சொன்ன?"

"டாக்டரய்யா அவ்வளவு ஆசையா கேக்குறாரு. இல்லன்னு சொல்ல வாய் வரல."

டாக்டர் தலைகுனிந்தார். "இத நம்பி இன்னும் எத்தன பேருக்குப் போட்டிருப்பேன்" என்றார் மெதுவாக.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் காலையில் நானும் அதே ஆசையோடுதான், "தெரியுதாம்மா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பளிச்சுனு தெரியுது சாமி" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.